செப்புத் தகட்டில் திங்கள்



முழுநிலவில் தெரியும் கருந்திட்டை நம் முன்னோர் முயற்கறை என்றனர். தோட்டத்து லயங்களில் வளர்ந்த நாமோ அங்கே பாட்டி வடை சுடுவதாகக் கேட்டு வளர்ந்தோம். அத்திட்டைத் தொலைநோக்கியால் கண்டு, செம்பில் செதுக்கி, பெயரும் சூட்டியவர்களைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

முதலாமவர் மைக்கேல் வான் லாங்ரன். 1645-இல் நிலவுப்படம் ஒன்றை வெளியிட்டார். நடுக்கடலில் கப்பலின் நெட்டாங்கை அறிவதே அவர் நோக்கம். நிலவின் மலைமுகடுகளில் கதிரொளி படும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் கடிகாரமாகக் கொள்ளலாம் என்று அவர் நம்பினார். அதற்கு ஒவ்வொரு முகட்டுக்கும் பெயர் வேண்டுமன்றோ! ஸ்பானிய அரசர் நான்காம் பிலிப்பு முதலாக அரசகுலத்தார் பெயர்களை வாரி வழங்கினார். தம் பெயரையும் மறந்தாரல்லர்.

அடுத்தவர் டான்சிக் நகரத்து எவேலியஸ். பீர் வடிப்பது அவர் குடும்பத் தொழில். வீட்டுக் கூரைமேல் வானாய்வுக்கூடம். 1647-இல் வந்த 'செலனோகிராபியா' நூலுக்குத் தகடுகளைப் பெரும்பாலும் தாமே செதுக்கினார். அது எளிய வேலையன்று. படத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கீறலில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுக்க வேண்டும். கோடு பிழைத்தால் அவ்விடத்தைத் தேய்த்து, தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்து, மீண்டும் கீற வேண்டும்.

செம்பில் பொறிப்பது நமக்குப் புதிதன்று. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி செப்பேட்டிலன்றோ உள்ளது! எனினும் நம் செப்பேடு படிப்பதற்கு உரியது. அவர்கள் தகடோ படியெடுப்பதற்கு உரியது. இவ்வேறுபாடு பெரிது.

எவேலியஸ் மண்ணுலக மலை, கடல், நாடுகளின் பெயர்களை நிலவுக்கு இட்டார். ஆல்ப்ஸ், அப்பெனைன் முதலிய சிலவே எஞ்சின. 1651-இல் இத்தாலியில் ரிச்சியோலி என்னும் ஏசுசபைத் துறவி, கிரிமால்டி வரைந்த படத்தில் வேறு பெயர்களைப் பொறித்தார். வட்டக்குழிகளுக்கு அறிஞர் பெயர். கருநிலங்களுக்கு மழை, புயல், அமைதி என வானிலைப் பெயர். கோப்பர்னிக்கசின் கொள்கையை மறுத்தவர் அவர். ஆயினும் ஒளிமிக்க குழியொன்றை அவர்க்கே அளித்தார். பின்வந்த படங்கள் இப்பெயர்களையே ஏற்றன. 1969-இல் மனிதர் இறங்கிய அமைதிக் கடல் ரிச்சியோலி இட்ட பெயரே.

இதனை ஈப்போவில் சொல்லக் காரணம் உண்டு. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு இரு பெயர்கள் இருந்தன. நில அளவைப் படத்தில் கம்பெனி இட்ட பெயர். பால்மரம் வெட்டியவர் வாயில் தமிழ்ப்பெயர். செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் படத்திலுள்ளதே தெருப்பலகையில் ஏறுகிறது. வாய்வழிப் பெயரை அறிந்தோர் முதியோராகிவிட்டனர்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். மண்டப வாயிலில் தாள்கள் வைத்துள்ளோம். தோட்டத்தின் தமிழ்ப்பெயர், எத்தனையாவது கட்டை, அருகிலுள்ள ஆறு, கோயில் ஆகியவற்றை எழுதிச் செல்லுங்கள். எழுத இயலாத பெரியவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.