அமானிதம் பேணிய பெருவாழ்வு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்ட இந்த அவையில், பொதுப்பணியை அமானிதமாகக் கருதி வாழ்ந்த மர்ஹூம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறேன்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்த அவர்கள், இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். மார்க்கக் கல்வியின் அடித்தளம் அன்னையாரிடம் கிடைத்தது. 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் கல்லூரியைத் துறந்தார்கள். பின்னர் தோல் வணிகத் துறையில் ஈடுபட்டு, ஹலாலான உழைப்பால் குடும்பத்தை நடத்தினார்கள்.

1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். பின்னர் மாநிலங்களவை உறுப்பினர். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்களவைக்கு அனுப்பிய உறுப்பினர். பதவிகள் பல வந்தும் எளிய வாழ்வு மாறவில்லை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரித்துரைக்க விரும்புகிறேன். 1948 நவம்பர் 23ஆம் நாள், பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. எந்தச் சமுதாயமும் தனக்குரிய தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். நாடு பிரிந்து ஓராண்டே கடந்திருந்த காலம். சந்தேகக் கண்கள் சூழ்ந்திருந்த அவை. குரலை உயர்த்தாமல் காரணங்களை அடுக்கினார்கள். திருத்தம் தோற்றது. ஆயினும் அவர்கள் அவையை வெறுத்து ஒதுங்கவில்லை. அதே அவையில், ஆட்சிமொழி பற்றிய விவாதத்தின்போது தமிழின் தொன்மையையும் வளத்தையும் எடுத்துரைத்து அதற்காக வாதாடினார்கள்.

சகோதரர்களே! நாமோ, ஒரு தீர்மானம் நம் விருப்பத்திற்கு மாறாக அமைந்தால் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. நிர்வாகத் தேர்தலில் தோற்றால் பள்ளியின் பணியிலிருந்தே விலகிக்கொள்கிறோம். இவ்விடத்தில் என்னையும் சேர்த்தே கூறுகிறேன். தோற்ற பின்னும் சபையில் நிலைத்து நின்ற அந்த மனிதரின் முன் நாம் வெட்கப்பட வேண்டாமா?

அவர்களின் இல்லறமும் நமக்குப் பாடமே. துணைவியார் ஜமால் ஹமீதா பீ அம்மையார். இறைவன் அளித்தது ஒரே ஆண்மகன். 1962இல் சீனப் போர் மூண்டபோது, அந்த ஒரே மகனையும் நாட்டின் படைக்கு அனுப்ப ஆயத்தமாக உள்ளேன் என்று அறிவித்தார்கள். பிள்ளைப் பாசம் குறைந்த தந்தையின் சொல்லன்று அது. பிறர் பிள்ளைகள் களத்தில் நிற்கையில் தம் பிள்ளைக்கு விலக்குத் தேடாத தந்தையின் சொல். பொதுப்பணியைச் சாக்காக்கி வீட்டை மறப்பதும், வீட்டைச் சாக்காக்கிப் பொதுப்பணியை மறுப்பதும் நம்மிடையே காணும் இரு குறைகள். இரண்டிற்கும் அவ்வாழ்வில் மறுமொழி உண்டு.

1972 ஏப்ரலில், மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே இறையழைப்பை ஏற்றார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அவர்கள் பெயரால் அரசு மகளிர் கல்லூரி சென்னையில் இயங்குகிறது. ஆயினும் பெயர்ப்பலகையைவிட, பொறுப்பேற்ற ஒவ்வொருவரும் மறுமையின் கேள்வியை அஞ்சிக் கணக்கை நேர்மையாக எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றி.

வல்ல அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, உயர்ந்த சுவனத்தை நல்குவானாக! நம் பணிகளையும் ஏற்றருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.