குறட்டையும் குரைப்பும்



நாய்களைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. படம் காட்ட முடியாது. குட்டி வாங்கப் போகிறவர்களில் பலர் முகத்தைப் பார்த்து மயங்கித்தான் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு சித்திரையில் என் அக்கா மகள் போன் செய்தாள். சென்னையில் மூன்றாவது மாடியில் அவள் வீடு. அவளும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பது வயதில் ஒரு மகள். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் மாமியார். "நாய் வேணும்னு பாப்பா ஒரே அழுகை மாமா. பக் வாங்கலாமா, பொமரேனியன் வாங்கலாமா? நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

பக் என்றால் சிலருக்குத் தெரியாது. ஹட்ச் நாய் என்றால் தெரியாதவர் இல்லை. 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும் சப்பை மூக்கு நாய். ஹட்ச், வோடபோன் ஆகி, அந்தப் பெயரும் மாறிவிட்டது. நாயின் பெயர் மட்டும் நம் ஊரில் இன்றும் ஹட்ச் நாய்தான்.

பொமரேனியன் கதை வேறு. தெருவுக்கு ஒரு வீட்டில், கிரில் கேட்டுக்குப் பின்னால் துள்ளித் துள்ளிக் குரைக்கும் வெள்ளைப் பந்து. ஜூலி என்றோ ஜிம்மி என்றோ பெயர். அது அசல் பொமரேனியன் இல்லை. அசல் மூன்று, மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. நாம் வளர்ப்பது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வழியில் இங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. சின்ன ரகம் ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும். பெரிய ரகம் பன்னிரண்டுக்கு மேல். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இந்திப் படத்தில் கடிதம் கொண்டுபோன டஃபி இந்த இனம்தான்.

இப்போது காதுக்கு வருவோம். ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் பக் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் குறட்டை. "எங்க அப்பா மாதிரியே விடுது பாருங்க" என்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். முகத்தின் எலும்பு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் பிளவு போல ஒடுங்கியிருக்கிறது. மேலண்ணத்தின் மென்சதை நீண்டு மூச்சுக்குழல் வாயிலில் தொங்குகிறது. காற்று அந்தச் சந்தில் நுழையப் படும் பாடுதான் நாம் ரசித்த அந்தச் சத்தம்.

பக் ஆதியிலிருந்தே இப்படி இருந்ததா என்று கேட்பீர்கள். சீனத்து அரண்மனை மடிகளில் வளர்ந்த நாயை டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745-இல் தன் உருவத்தோடு தன் பக்கையும் சேர்த்து வரைந்தார். அந்த நாய்க்குக் கொஞ்சம் மூக்கு இருக்கிறது. அதற்குப் பின் தட்டையான முகமே அழகு என்று தேர்ந்து தேர்ந்து இனம் சேர்த்ததில் மூக்கு கரைந்துபோனது. பக்கை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய நெதர்லாந்தே 2019-இல் கண்டிப்பான விதி போட்டது: முகம் மிகவும் குட்டையான நாய்களை இனம் சேர்க்கக் கூடாது.

லண்டனில் உள்ள ராயல் கால்நடைக் கல்லூரியின் 2022 ஆய்வு, மற்ற நாய்களைவிடப் பக்குக்கு ஓராண்டில் ஏதாவது ஒரு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. அதே ஆண்டில் அவர்கள் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்ட சராசரி ஆயுள், நாய்களுக்குப் பொதுவாக 11.2 ஆண்டு. பக்குக்கு 7.7.

அது குளிர் தேசத்துக் கணக்கு. நம் ஊருக்கு வாருங்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். நீண்ட மூக்குள்ள நாய்க்கே கத்திரி வெயிலின் புழுக்கத்தில் அது சிரமம். பக், தணிய வேண்டும் என்று இளைக்கும். அந்த உழைப்பிலேயே இன்னும் சூடேறும். மின்சாரம் போன ஒரு மதியம் போதும், உயிருக்கே ஆபத்து. விமான நிறுவனங்கள் பல சப்பை மூக்கு நாய்களை ஏற்ற மறுப்பதற்கும் இதுதான் காரணம்.

பக் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. குணத்தில் தங்கம். குழந்தை வாலை இழுத்தாலும் சட்டென்று கடிக்காது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை கிடையாது, மடி கிடைத்தால் போதும். சாப்பாட்டில்தான் சபலம். ஒரு கிலோ ஏறினாலும் மூச்சு இன்னும் முட்டும். கண் குழி ஆழமில்லாததால் விழியில் எளிதாகக் காயம் படும். கழுத்துப் பட்டை கூடாது, மார்புப் பட்டைதான் மாட்ட வேண்டும். முக மடிப்புகளைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். குட்டை முடிதானே, உதிராது என்று நினைத்தால் உங்கள் கறுப்பு வேட்டியோ புடவையோ உண்மையைச் சொல்லும்.

ஸ்பிட்ஸ் சத்தத்துக்கு விளக்கமே வேண்டாம். லிஃப்ட் திறந்தால் குரைக்கும், கூரியர்காரருக்குக் குரைக்கும், பிரஷர் குக்கர் விசில் அடித்தால் பதில் குரல் கொடுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது சண்டையில் போய் முடியலாம். குட்டியிலேயே பழக்கினால் குறையும், நிற்காது. அந்நியரிடம் சந்தேகம் அதிகம். தவழும் குழந்தை முகத்தருகே போனால் பல்லைக் காட்டவும் செய்யும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் யோசித்துத்தான் சொல்வேன். வாரம் மூன்று முறையாவது சீவாவிட்டால் முடி சடை பிடிக்கும், உள்ளே உண்ணி குடியேறும். கோடையில் பாவம் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். அடுக்கடுக்கான அந்த முடி வெயில் தோலில் நேரே படாமல் காக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை.

இத்தனை தொல்லை இருந்தும் நான் ஸ்பிட்ஸ் பக்கம்தான். குரைப்பு நம் காதுக்குத் தொல்லை, நாய்க்கு இல்லை. குறட்டையில் கஷ்டப்படுவது நாயேதான்.

பக்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், யாரோ வளர்க்க முடியாமல் விட்ட பெரிய பக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். குட்டிக்குக் காசு கொடுத்து அந்த வியாபாரத்தை வளர்க்க வேண்டாம். எடுத்து வரும் முன் நாயின் மூச்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கி, 2019 முதல் இங்கிலாந்தில் கென்னல் கிளப்போடு சேர்ந்து நடத்தும் சோதனை மிக எளிமையானது: நாயின் மூச்சை ஸ்டெதஸ்கோப்பில் கேட்பார்கள், மூன்று நிமிடம் வேகமாக நடத்திவிட்டு மறுபடியும் கேட்பார்கள். நம் ஊர்க் கால்நடை மருத்துவரும் இப்படிக் கேட்டுச் சொல்ல முடியும்.

எந்த இனமானாலும் தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு விதி. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்க வேண்டாம்.

அக்கா மகளோடு நானும் ஒரு வீட்டுக்குக் குட்டி பார்க்கப் போனேன். வாசலில் நான் ஒரு செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளிருந்து தாய் ஸ்பிட்ஸ் குரைக்க ஆரம்பித்தது. மறு செருப்பைக் கழற்றிய பிறகும் நிற்கவில்லை. மூச்சில் ஒரு குறையும் இல்லை. குட்டிக்குப் பாப்பா மல்லி என்று பெயர் வைத்தாள். இப்போதெல்லாம் அக்கா மகள் போன் செய்தால் அவள் சொல்வதில் பாதிதான் எனக்குக் கேட்கிறது. மீதிப் பாதியில் மல்லி குரைக்கும். நடுவே அவள் மாமியார் அதோடு சண்டை போடுவதும் கேட்கும்.