இரும்புத் துகளுக்கு ஒரு மேலுறை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் என்றதும் அணுமின் நிலையம்தான் நினைவுக்கு வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காந்தத் திரவ ஆய்வும் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தத் திரவத்தில் மிதப்பவை சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு துகள்கள். மேலே ஒரு பூச்சு இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

இத்தகைய துகளுக்கு டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருளால் உறை போட்டால், சில உயிரணுக்கள் அதை விழுங்கிக்கொள்ளும். பிறகு எம்.ஆர்.ஐ. படத்தில் அவை இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும்.

2005-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று. தோல் புற்றுநோயாளிகள் 8 பேர். நோய் எதிர்ப்பு உயிரணுக்களை இப்படிக் குறியிட்டு, மருந்தாக நிணநீர்க் கணுவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டேதான் குத்தினார்கள். ஆனாலும் 4 பேருக்கு மருந்து கணுவுக்குள் சரியாகப் போகவில்லை. அதைக் காட்டிக்கொடுத்தது எம்.ஆர்.ஐ.! மருந்து பலிக்கவில்லை என்று சொல்லும் முன், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா?

ஒரு குறை உண்டு. உயிரணு இறந்தாலும் இரும்பு அங்கேயே தங்கலாம், கறுப்பும் மறையாது. செங்கல்பட்டுப் பக்கம் இயற்பியலும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகளே, இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் நீங்கள் கையிலெடுக்க வேண்டிய வேலை.