பெயர் வாழ்ந்தால் பயிர் வாழும்

(கொல்லிமலை, ஆலத்தூர் நாட்டில் ஆற்றிய உரை)



கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய இவ் ஆலத்தூர் நாட்டில் செடிகொடிகளைக் காப்பது பற்றிப் பேசப் பணித்தீர்கள். ஊர்ப்பெயரிலேயே ஆல் நிற்கின்றது. இங்கு வாழும் மலையாளி மக்களுக்கு மரங்காக்கக் கற்பிக்க யான் வந்தேனல்லேன். உங்களிடம் கற்க வேண்டியவன் யான். கூற வந்தது ஒன்றே: பயிரும் அதன் பெயரும் ஒன்றையொன்று பற்றி வாழ்வன. ஒன்று வீழின் மற்றொன்றும் வீழும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவற்றுட் சில இன்ன செடியினவே என்று துணிவதில் அறிஞர் இன்று வேறுபடுகின்றனர். பெயர் ஏட்டில் இருக்கின்றது. செடியைச் சுட்டிக்காட்டும் கை இல்லை. ஓரி ஆண்ட இம்மலையிலோ அந்தக் கை இன்னும் இருக்கின்றது.

முடவாட்டுக்கால் என்னும் கிழங்கை எண்ணிப் பாருங்கள். பாறையிலும் மரத்திலும் பற்றிப் படர்வது. ஆட்டுக்காலைப் போல மயிரடர்ந்தது. மூட்டு நோவுக்குச் சாறு வைத்துக் குடிப்பது. வடிவும் பயனும் அப்பெயருள்ளேயே அடங்கியுள்ளன! ஆனால் அங்காடிக்கென வேரோடு வழித்தெடுத்தால் அது மீண்டும் படராது. ஒரு பகுதியை விட்டு எடுப்பதே காப்பு.

கோயிற்காடுகளும் அவ்வாறே. தெய்வத்திற்கு உரியதென்று கோடரி வையாமல், செருப்பணிந்து புகாமல் காத்த சோலைகள் அவை. அச்சத்தால் காத்தனர் என்று நகர்ப்புறத்தார் நகைப்பர். அவ்வச்சம் ஊற்றையும் காத்தது, மூலிகையையும் காத்தது. சட்டம் எழுதியவர்கள் 2002-இல்தான் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இயற்றினர்.

இனிக் கூலங்களைக் காண்போம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, செந்தினை, மூக்கன் தினை, சுருட்டைக் கேழ்வரகு! இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி மலையேறிற்று. பங்கீட்டுக் கடை அரிசியும் வந்தது. சாமை விளைந்த நிலம் சுருங்கிற்று. உழவரைக் குறை கூறேன். மரவள்ளி காசு தந்தது. சாமையோ பெண்டிரின் தோள் நோவ உரலிற் குற்றப்பட வேண்டியிருந்தது. 1990-களின் நடுப்பகுதி முதல் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை மக்களோடு சேர்ந்து விதைவைப்பகங்களை அமைத்ததும், உமி நீக்கும் பொறிகளைக் கொணர்ந்ததும் நல்ல பணி. உழைப்பைக் குறைத்தாலன்றிப் பழம்பெருமை மட்டும் பயிரைக் காவாது.

ஐ.நா. மன்றம் 2023-ஆம் ஆண்டைச் சிறுகூலங்களுக்கென அறிவித்தது. நகரம் விழித்தது, மகிழ்ச்சியே. ஆனால் கடைகளில் என்ன எழுதினர்? ‘மில்லட்டு’ என்று எழுதினர்! சாமையும் தினையும் வரகும் குதிரைவாலியும் ஒரே அயற்சொல்லுக்குள் புதைந்தன. கேட்பவன் பெயரின்றிக் கேட்டால், விற்பவன் எதையும் தருவான். உழவன் எதை விதைப்பான்? நிலைத்திணை நூலிலோ நம் சாமை, சுமத்திராத் தீவின் பெயரால் ‘பானிக்கம் சுமத்திரென்சே’ எனப்படுகின்றது. அறிவியலார் தம் முறைப்படி அழைக்கட்டும். நம் வாயும் நம் பெயரை மறக்க வேண்டுமா?

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு சொல். அகரமுதலியில் ஒரு சொல்லைச் சேர்த்தவுடன் தமிழைக் காத்துவிட்டோம் என்று அமைதல் வேண்டா. விதை ஆண்டுகள் பல கிடந்தால் முளைக்கும் ஆற்றல் குன்றும். விதைத்தால்தான் விதை, வழங்கினால்தான் சொல்.

ஆகவே மூன்று வேண்டுகிறேன். ஆசிரியர்களே, மாணவரைப் பாட்டியரிடம் விடுத்துச் செடியின் பெயர், பயன், எடுக்கும் முறை, வளரும் இடம் இவற்றைக் குறிக்கச் செய்யுங்கள். சொன்னவர் இசைவின்றி அக்குறிப்பை வணிகர்க்குத் தாராதீர்கள். நகரத்து அன்பர்களே, பெயர் சொல்லி வாங்குங்கள். உழைப்புக்குரிய விலை தாருங்கள். மலைநாட்டு உழவர்களே, ஒரு வயலின் ஓரத்திலேனும் ஆண்டுதோறும் பழைய விதையைத் தூவுங்கள்.

இந்நாட்டுச் சிறுமி ஒருத்தி கதிரைக் கையிற் பிடித்து, “இது மல்லியச் சாமை” என்று கூறும் வரையில் அப்பயிரும் வாழும், தமிழும் வாழும்.