புற்றுநோய் என்று அறிந்தபின்



கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். நாம் நோயைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இதுவும் கல்வியின்பாற்பட்டதே.

புற்றுநோய் என்று மருத்துவர் கூறியவுடன் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? முதலில் அழுகை, அடுத்து மறைத்தல், அதன்பின் வட்டிக்குக் கடன். நோயுற்ற தாயிடம் எவரும் உண்மையைச் சொல்வதில்லை. மகனும் மாமனும் திண்ணையில் அமர்ந்து முடிவு செய்வர். கத்தி பட்டால் பரவிவிடும் என்பார் ஒருவர். அது வீண் அச்சம்.

கடும் இரத்தப் புற்று போன்றவற்றில் காத்திருத்தல் கூடாது. ஆனால் கட்டியாகத் தோன்றும் பெரும்பாலான புற்றுகளில், ஆராய்ந்து முடிவெடுக்கச் சில நாட்கள் உண்டு. அந்நாட்களில் கேட்டறிய வேண்டியவை சிலவே: இது எவ்வகைப் புற்று? எந்நிலையில் உள்ளது? தரும் மருத்துவம் குணப்படுத்தவா, துன்பம் தணிக்கவா? வேறு வழி உண்டா?

மார்பில் கட்டி என்றதும் அதை மட்டும் வெட்டியெடுத்து, சதைச் சோதனைக்கு அனுப்பாமலே விட்டுவிடும் இடங்கள் உள்ளன. ஹார்மோன் மருந்து பயன்படுமா, ஹெர்-2 புரதத்துக்குரிய மருந்து வேண்டுமா என்பதை அத்துண்டன்றோ சொல்ல வேண்டும்! சோதனைக்கு முன் கத்தி வேண்டா என்று சொல்லும் உரிமை நமக்குண்டு.

கருப்பைவாய்ப் புற்றின் தொடக்கநிலையில் அறுவை போதுமானதாகலாம். முற்றிய நிலையில் கதிர்வீச்சும், அதனுடன் வாரம் ஒருமுறை மருந்தும், பின்னர் உட்புறக் கதிர்வீச்சும் தருவர். இவையனைத்தும் 8 வாரங்களுக்குள் முடிதல் நன்று. நம் பெண்களோ, குருதிப்போக்கு நின்றதும் குணமாயிற்று என்றெண்ணி, நடவுக் கூலியும் போகிறதே என்று பாதியில் ஊர் திரும்பிவிடுகின்றனர். நோய் மீண்டும் வருகிறது. எனவே தங்குமிடம், வழிச்செலவு, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஆகியவற்றையும் முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

மற்றொரு மருத்துவரைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், அடையாற்று நிலையமும் இருக்கின்றன. 1954இல் அடையாற்று நிலையத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தாயின் குலத்தைச் சுட்டிக் கல்லூரியில் சேர்க்கக் கூடாதென்ற எதிர்ப்பைக் கடந்து மருத்துவரானவர். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். நிலத்தை விற்குமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இம்மருத்துவத்திற்கு இடமுண்டா என்று கேளுங்கள்.

கைகட்டி நின்று தலையாட்டும் வழக்கத்தை நம் முன்னோர் விரும்பி ஏற்கவில்லை, அவர்கள்மீது சுமத்தினர். மருத்துவர் மேசைமுன் அது இன்னும் நம்மை விட்டபாடில்லை. ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்க்காமலே கைநாட்டு வைக்கிறோம். இச்சங்கம் உருவாக்கிய பட்டதாரிகள் அங்கே நோயாளியின் அருகில் நிற்க வேண்டும். கேள்விகளை ஏட்டில் எழுதிச் சென்று, விடைகளையும் எழுதிக்கொண்டு, தாய்மொழியில் அவருக்கே விளக்க வேண்டும். முடிவு அவருடையது. குணமாகாது என்று தெளிந்தபின், வலிக்கு மருந்து போதும், வீட்டில் இருக்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

உடன் செல்ல விரும்புவோர்க்காகச் செயலாளரிடம் ஓர் ஏடு வைக்கச் சொல்லியுள்ளோம். பள்ளி விடுமுறை நாட்களுக்கு நம் பெயரை அதில் எழுதிவிட்டோம். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும்.