நனைந்ததை மேலே வைப்போம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வியாபாரத்தில் இஸ்லாம் கூறும் நேர்மை" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் ஆலிம் அல்ல, சிவில் என்ஜினியர். மார்க்கச் சட்டங்களை விளக்க என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். எனவே ஒரே ஒரு ஹதீஸை எடுத்துக்கொண்டு, அது கட்டட வேலை நடக்கிற இடத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரலில் ஈரம் படுகிறது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்கிறார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடுமையாகச் சொல்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. நனைந்த தானியத்தை விற்காதே என்றும் நபிகளார் சொல்லவில்லை. மேலே வை என்றுதான் சொன்னார்கள். வாங்குகிறவன் பார்க்கட்டும், தெரிந்து வாங்கட்டும், அல்லது வேண்டாமென்று போகட்டும். குறை இருப்பது குற்றமில்லை, குறையை மறைப்பதுதான் குற்றம். இரண்டாவது, அவர்கள் மேலாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை, உள்ளே கை விட்டுப் பார்த்தார்கள். சோதனை என்றால் அதுதான் சோதனை.

இப்ப நம்ம தொழிலுக்கு வருவோம். மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொள்ளும். ஐந்தாறு சதவீத ஈரத்திலேயே அதன் கன அளவு 20, 25 சதவீதம்கூட ஏறிவிடும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 25 சதவீதம் உப்பிய மணல் என்றால், அந்த 100 கன அடியில் உண்மையில் இருப்பது 80 கன அடி காய்ந்த மணல்தான். ஒரு கண்ணாடிக் குவளையில் ஈர மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி மூழ்கடித்துப் பாருங்கள், மட்டம் தானாக இறங்கும். இது மாணவர்களுக்கு ஆய்வகப் பாடம். ஆனால் சீட்டுப் போட்டுக் கடன் வாங்கி வீடு கட்டுகிற ஒருவருக்கு இது தெரியுமா? விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தத் தானியக் குவியலின் ஈரம் இன்றைக்கும் லாரியில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மணல் வியாபாரியை மட்டும் சொன்னால் போதாது, நம்ம ஆட்களையும் சொல்லணும். கான்கிரீட்டைச் சோதிக்க 15 சென்டிமீட்டர் கியூப் போட்டு, 28 நாள் நீரில் வைத்து உடைத்துப் பார்க்கிறோம். சில இடங்களில் கியூபுக்கென்று தனியாக நல்ல கலவை போடுவார்கள். ரிப்போர்ட்டில் பாஸ், தூணில் போனதோ வேறு கலவை. காய்ந்ததை மேலே பரப்பி, நனைந்ததை அடியில் மறைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் படித்தவன் என்பதுதான் வேதனை.

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசம் செய்வோரைக் குறிப்பது. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது எச்சரிக்கிறது. "நமக்கென்ன, நாம கடை வைக்கலையே" என்று சம்பளக்காரர்கள் நினைக்கக் கூடாது. மாதச் சம்பளத்தை நிறைய அளந்து வாங்கிக்கொண்டு வேலையைக் குறைத்து அளந்தால் அதுவும் தராசுதான். வகுப்பில் அடுத்தவனுக்கு அட்டெண்டன்ஸ் சொல்கிற தம்பிமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

"இப்படியெல்லாம் இருந்தா தொழில் பண்ண முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் நண்பர் ஒருவர் சிறு காண்டிராக்டர். ஈரத்துக்குக் கழித்து, உண்மையான மணல் கணக்கைப் போட்டுத்தான் கொட்டேஷன் தருவார். தொகை கூடுதலாக இருக்கும், அதனாலேயே சில வேலைகள் கைவிட்டுப் போயின. நேர்மையாக இருந்தால் லாபம் கொட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் குறையை மறைத்து விற்பதாகிவிடும்! புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இன்னொரு ஹதீஸ், விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவாகச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் சொல்கிறது. பரக்கத் என்பது பேலன்ஸ் ஷீட்டில் வருகிற தொகை அல்ல. தான் கட்டிய வீட்டுத் தெருவழியே பத்து வருஷம் கழித்தும் தலைநிமிர்ந்து நடக்க முடிகிறதே, நண்பருக்குக் கிடைத்திருப்பது அதுதான்.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான அறிவுரையும் அல்ல. இங்கே அமர்ந்திருக்கும் சகோதர சமய நண்பர்களின் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள். பழைய மாணவர்களாகிய நாம் இனி ஒன்று செய்யலாம். நமக்குக் கீழே வேலைக்கு வரும் இந்தத் தம்பி தங்கைகள் "சார், உள்ளே ஈரமா இருக்கு" என்று வந்து சொன்னால், அவர்கள் வாயை அடைக்காமல் இருப்போம். அந்தச் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கிற மேலதிகாரி கிடைத்தால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

 நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.