பாலையும் ஓர் ஊர்தான்

(கல்லூரி நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் என்றால் இங்கே இரண்டு பேர். பேசுபவள் மூத்தவள், வைத்தியர். முன்வரிசையில் இருப்பவள் இளையவள். இருவரும் இதே மண்டபத்தில்தான் காலைப் பிரார்த்தனைக்கு நின்றோம். எங்களுக்கு முன்னர் எங்கள் அம்மாவும் இங்கே நின்றார். சுகாதாரம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நாங்கள் ஒரு பாலைவனத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சுகாதாரமும் அதற்குள் வரும்.

தமிழ் வகுப்பில் ஐந்து திணைகளையும் பாடமாக்கினோம். பாலைக்கு உரியது பிரிவு என்று எழுதிப் புள்ளியும் வாங்கினோம். ஆனால் அப்படி ஒரு நிலத்தை நாங்கள் கண்டதில்லை. கிணறும் வேம்பும் பனையும் உள்ள வளவில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

அம்மா மறைந்து அடுத்த ஆண்டு, யூலை மாதத்தில், மெல்பேர்ணிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போனோம். அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள நகரம் அது. ஆண்டுக்குச் சராசரியாக 280 மில்லிமீற்றர் மழைதான் அங்கே பெய்கிறது. நகரின் ஊடாகப் போகும் டொட் ஆற்றில் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். ஆனாலும் அந்த மணலின் நடுவே பெரிய யூகலிப்டஸ் மரங்கள் பச்சையாக நிற்கின்றன. தண்ணீர் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

அங்கிருந்து உலுரு பாறையை நோக்கிக் காரில் போனோம். நிலம் முழுவதும் செம்மண். மணலில் உள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்த நிறம் அது. பந்து பந்தாகப் படர்ந்த ஸ்பினிபெக்ஸ் புல் பார்க்க மென்மையாக இருக்கும். தொட்டால் ஊசியாகக் குத்தும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். நாங்கள் போன குளிர்காலத்திலோ இரவில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. நடுவழியில் தண்ணீர் இல்லாமல் வாகனம் பழுதாகி நின்றால் உயிருக்கே ஆபத்து. அழகாக இருக்கிறது என்பதற்காக அந்த நிலம் யாருக்கும் சலுகை தருவதில்லை.

ஓரிடத்தில் காரை நிறுத்தி இறங்கினோம். இயந்திரச் சூடு ஆறும் சத்தமும் அடங்கிய பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மெல்லிய காற்று வந்தது. பக்கத்து மரங்கள் இரைந்தன. தங்கை உடனே சொன்னாள், "அக்கா, காரைநகர் கசூரினா கடற்கரை!" அவள் சொன்னது சரி. அங்கே நின்றவை சவுக்கு இனத்து மரங்கள். இளமையில் அவை கிளை பரப்புவதில்லை. ஒல்லியாக நின்றபடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். வேர் தண்ணீரை எட்டிய பிறகுதான் நிழல் தரும் அளவுக்கு விரியும்.

அந்த இரைச்சலைக் கேட்டபோது எங்களுக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம், மெல்பேர்ணில் இயந்திரத்தோடு இருந்தார். "பிள்ளையள், ஒருக்கா ஊருக்குப் போட்டு வருவம்" என்று கேட்டபடி இருந்தார். நாங்கள் தொற்று என்றோம், பயணக் களைப்பு என்றோம், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்றோம். யாழ்ப்பாணத்திலும் அந்தச் சிகிச்சை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு முறைகூட விசாரித்துப் பார்க்கவில்லை.

அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பியதும் 'பேர்ப்பிள் ஹவுஸ்' என்ற இடத்துக்குப் போனோம். அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடி மக்களிடையே சிறுநீரக நோய் மிக அதிகம். கின்டோர் என்ற அவர்களின் ஊர் 500 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. முன்னர் இயந்திரம் நகரத்தில் மட்டுமே இருந்தது. நோய் வந்தவர்கள் ஊரையும் உறவையும் விட்டு நகரத்துக்கு வந்து தங்க வேண்டியிருந்தது. சிகிச்சையை விட்டால் இறப்போம் என்று தெரிந்தும் சிலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

அந்த மக்கள் ஓவியர்கள். 2000ஆம் ஆண்டில், தங்கள் நிலத்தின் கதைகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டிச் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து இலட்சம் டொலருக்கும் மேலாகச் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே சிகிச்சை தொடங்கியது. ஒரு தடவை சிகிச்சைக்கு இயந்திரத்தினூடாக மட்டும் ஏறத்தாழ 120 லீற்றர் சுத்தமான நீர் ஓட வேண்டும். அதைப் பாலைவனத்தில் செய்து காட்டினார்கள். இன்று தொலைவான பல ஊர்களில் நிலையங்கள் இருக்கின்றன. இயந்திரம் பூட்டிய லொறி ஒன்றும் ஓடுகிறது.

நாங்கள் வெறும் மணல் என்று பார்த்த நிலம் அவர்களுக்கு ஊர். எந்த மேட்டில் யார் பிறந்தார்கள், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே கண்ட ஒரு மூதாட்டி எங்கள் அம்மா எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றோம். "ஊரிலா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

அம்மாவின் சாம்பலைக் கீரிமலையில் கரைத்தோம். அம்மா ஊருக்கு வந்துதான் சேர்ந்தார். நாங்கள்தான் பிந்திவிட்டோம்.

தோழியரே, நாங்கள் பல நாடுகளில் இருக்கிறோம். "ஊருக்குப் போகவேணும்" என்று சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். எல்லா நோயாளியும் பயணம் செய்யலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து. ஆனால் முன்கூட்டியே ஒழுங்கு செய்தால், போகும் இடத்தில் சில வாரங்களுக்குச் சிகிச்சை பெறப் பலருக்கு முடியும். குருதிப் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து, இரண்டு பக்கத்து வைத்தியர்களையும் பேச வையுங்கள். அவர்கள் முடியாது என்று சொன்னால், அதை நோயாளிக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். விசாரிக்காமல் மட்டும் முடியாது என்று சொல்லாதீர்கள்.

இன்று காலை வாசலில் நுழைந்தபோது, அம்மா படித்த காலத்து வேம்பின் கீழே கொஞ்ச நேரம் நின்றோம். காற்றுக்கு அது இரைந்தது.